நூறு சதவீதம் போட்ட சின்ன ஸ்கூல்: அந்த நம்பருக்குள்ள யார் இருக்காங்க?

மே மாசம் பத்தாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மாவட்டத்துக்கு ரெண்டு லிஸ்ட் வாட்ஸப்ல சுத்த ஆரம்பிச்சிடும். ஒண்ணு நூத்துக்கு நூறு தேர்ச்சி கொடுத்த அரசுப் பள்ளிகள், இன்னொண்ணு கடைசியா வந்த பள்ளிகள். மொத லிஸ்ட்ல இருக்குற ஹெச்.எம்.முக்கு பாராட்டு, பொன்னாடை, ஊர் முக்குல பேனர். ரெண்டாவது லிஸ்ட்ல இருக்குறவரு மீளாய்வுக் கூட்டத்துல எழுந்து நின்னு ஏன் குறைஞ்சுதுன்னு காரணம் சொல்லணும். இந்த ரெண்டு லிஸ்ட்டையும் எடுத்து ஒவ்வொரு பள்ளிக்கும் நேரா எத்தனை பேரு பரீட்சை எழுதுனாங்கன்னு பாருங்க, ரெண்டுலயுமே சின்ன ஸ்கூலுங்க நிறைய இருக்கும், அதுவும் போன வருஷம் பேனர் வச்ச ஸ்கூலே இந்த வருஷம் கீழ் லிஸ்ட்ல இருந்தாலும் ஆச்சரியமில்ல. டீச்சர் மாறல, கட்டடம் மாறல, புக்கும் அதேதான். அப்புறம் எப்படி ஒரே வருஷத்துல நல்ல ஸ்கூல் மோசமான ஸ்கூல் ஆச்சு?

பெரும்பாலும் ஒண்ணுமே ஆகல. எண்ணிக்கை சின்னது, அவ்வளவுதான். இதை கொஞ்சம் நிதானமா கணக்குப் போட்டுப் பாத்துடலாம், ஏன்னா இதைப் புரிஞ்சுக்காம சின்ன ஸ்கூல் ரிசல்ட்டைப் பத்தி யாரு என்ன பேசுனாலும் அது அந்த டீச்சருங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் அநியாயமா போயிடுது.

ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளி, பத்தாவதுல 12 பேருன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு பிள்ளையும் பாஸ் ஆகுறதுக்கு பத்துக்கு ஒன்பது வாய்ப்பு இருக்குற அளவுக்கு நல்லா சொல்லிக் கொடுக்குறாங்க, எல்லா வருஷமும் அதே தரம், அதே உழைப்பு. அப்பவும் என்ன நடக்கும்னா, நூறு வருஷம் இப்படியே ஓடுனா சுமார் 28 வருஷம் எல்லாரும் பாஸ், 100%. சுமார் 38 வருஷம் ஒரே ஒரு பிள்ளை ஃபெயில், உடனே 91.7%. மீதி 34 வருஷம் ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ ஃபெயில், 83.3% இல்ல அதுக்கும் கீழ. ஒரு பிள்ளைக்கு 8% மேல எடை இருக்கு. பரீட்சைக்கு முந்தின வாரம் ஒருத்தனுக்கு அம்மை போட்டுடுச்சு, ஒரு பொண்ணு வீட்ல அப்பா இறந்துட்டாரு, அதுவே போதும் பேனர் இறங்குறதுக்கு. இதே தரத்துல டவுன்ல 240 பேரு எழுதுற ஸ்கூலை எடுத்துக்கோங்க, அங்க தேர்ச்சி பெரும்பாலான வருஷம் 86-க்கும் 94-க்கும் நடுவுலயே இருக்கும், 100% தொடவும் முடியாது, 75-க்கு விழவும் மாட்டாங்க. அப்போ 100% லிஸ்ட்டுக்குப் போற வழி சின்ன ஸ்கூலுக்குத்தான் திறந்திருக்கு, கடைசி லிஸ்ட்டுக்குப் போற வழியும் அதே மாதிரி அவங்களுக்குத்தான் திறந்திருக்கு.

இதை அமெரிக்காவுல பெரிய செலவு பண்ணிக் கத்துக்கிட்டாங்க. 2000-த்துக்கு அப்புறம் அங்க நல்ல ரிசல்ட் வர்ற ஸ்கூல்களைப் பாத்தப்ப சின்ன ஸ்கூல்கள் நிறைய இருந்ததால, பெரிய ஹைஸ்கூல்களை உடைச்சு சின்னதா ஆக்குங்கன்னு ஒரு இயக்கமே கிளம்புச்சு, கேட்ஸ் ஃபவுண்டேஷன் 100 கோடி டாலருக்கும் மேல அதுல போட்டுச்சு. ஹோவர்ட் வெய்னர்னு ஒரு புள்ளியியல் அறிஞர் பென்சில்வேனியா மாநிலத்து பள்ளி மார்க்கை எடுத்துப் பாத்துட்டு, மேல இருக்குறதுல மட்டும் பாத்தீங்களே, கீழ இருக்குறதுலயும் சின்ன ஸ்கூல்தான் அவங்க பங்குக்கு மீறி இருக்குன்னு காட்டுனாரு. சின்னதா இருக்குறதால ஏத்த இறக்கம் ஜாஸ்தி, அதை தரம்னு நினைச்சுட்டாங்க. அந்த ஃபவுண்டேஷனும் பிறகு அந்த வழியை விட்டு வேற பக்கம் போயிடுச்சு.

நம்ம ஊர்ல 2017-ல பத்தாவது பன்னெண்டாவதுக்கு மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிக்கிறதை நிறுத்துனாங்க, ரொம்ப நல்ல முடிவு. பிள்ளைங்க மேல இருந்த ஒரு பாரம் இறங்குச்சு. ஆனா ஸ்கூல் மேல இருக்குற சதவீதப் பாரம் அப்படியே இருக்கு, அதுலயும் 12 பேரு இருக்குற ஸ்கூலுக்கும் 240 பேரு இருக்குற ஸ்கூலுக்கும் ஒரே அளவுகோல். கொஞ்சமாவது நியாயமா பாக்கணும்னா அஞ்சு வருஷத்தை ஒண்ணா கூட்டிப் பாக்கணும், 60 பேருல எத்தனை பேருன்னு. அப்பதான் ஏதோ ஒரு உருவம் தெரியும். கூடவே மார்க் எங்க குவிஞ்சிருக்குன்னும் பாக்கணும், ஏன்னா எல்லாரும் 35-ல இருந்து 45-க்குள்ள இருந்து 100% வாங்குற ஸ்கூலும், பாதிப்பேரு 80-க்கு மேல வாங்கி ஒருத்தன் மட்டும் கணக்குல 31 எடுத்து 91.7% ஆன ஸ்கூலும் ஒண்ணில்ல, ரெண்டாவது ஸ்கூல்ல படிப்பு நடந்திருக்கு.

சரி, இது எண்ணிக்கை பத்துன சங்கதி. இதைவிட முக்கியம் அந்த 12 பேரு யாருங்கிறது.

ஒரு அரசு தொடக்கப் பள்ளி எப்படி சின்ன பள்ளி ஆகுதுன்னு முதல்ல பாப்போம். ஒரு காரணம் ரொம்ப சாதாரணமானது, பிள்ளைங்களே குறைவா பொறக்குது. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.4 குழந்தை, நாட்டு சராசரி அப்ப 2.0. கிராமத்துல இருந்து வேலைக்குப் போன குடும்பம் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னைன்னு போய் அங்கயே செட்டில் ஆகுது. இது யாரு தப்பும் இல்ல.

ரெண்டாவது காரணம் வேன். காலைல ஏழரைக்கு ஊருக்குள்ள தனியார் ஸ்கூலோட மஞ்சள் வேன் வருது, மூணு வயசுப் பிள்ளைய எல்.கே.ஜி.க்கு ஏத்திக்கிட்டுப் போகுது. அரசுப் பள்ளில ஒண்ணாவது சேர 5 வயசு ஆகணும், அதுவரைக்கும் அங்கன்வாடிதான். அப்போ ஒரு குடும்பம் எந்த ஸ்கூல்னு முடிவெடுக்குறது பிள்ளைக்கு மூணு வயசுல, அந்த நேரத்துல அரசுப் பள்ளி போட்டிலயே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு டீச்சரு வீடு வீடா சேர்க்கைக்குப் போய் நின்னா, பிள்ளைதான் ஏற்கனவே அங்க போகுதே டீச்சர்னு பதில் வரும். 2019 ஜனவரியில 2,381 அங்கன்வாடில எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பிச்சாங்க, வழி சரியானதுதான், ஆனா 37 ஆயிரத்துக்கும் மேல அரசுப் பள்ளி இருக்குற மாநிலத்துல அது எந்த மூலைக்குப் பத்தும்னு நீங்களே யோசிங்க.

இதோட கல்வி உரிமைச் சட்டத்துல வர்ற 25% இட ஒதுக்கீடும் சேருது. தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்புல நாலுல ஒரு சீட்டை ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கும் ஒதுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைங்களுக்கும் தரணும், ஃபீஸை அரசு கொடுக்கும். ஒரு தனிப்பட்ட பிள்ளைக்கு இது கிடைச்சா அது அந்தக் குடும்பத்தோட உரிமை, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா ஊர் ஸ்கூல் பக்கம் நின்னு பாருங்க. இந்த சீட்டுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்றுன்னு தாலுகா ஆபீஸுக்கு அலையணும், கடைசித் தேதி தெரிஞ்சு வச்சிருக்கணும். ஏழைங்களுக்குள்ளயே யாரு இதைச் செய்ய முடியுதோ, கொஞ்சம் படிச்ச அம்மா, விவரம் தெரிஞ்ச அப்பா, அவங்க பிள்ளை போயிடுது. காசு இருக்கிறவங்க காசு கட்டிப் போயிட்டாங்க, விவரம் இருக்கிறவங்க ஒதுக்கீட்டுல போயிட்டாங்க. மிச்சம் யாரு?

மிச்சம் இருக்குறவங்கதான் நம்ம சின்ன ஸ்கூலோட பிள்ளைங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் திருப்பூர்ல கம்பெனி வேலை, பிள்ளை பாட்டிகிட்ட. வீட்ல மொத மொத ஸ்கூல் படி ஏறுன தலைமுறை. பல ஊர்ல மத்தவங்க எல்லாம் வேன்ல போனதுக்கு அப்புறம் ஊர்ப் பொதுப் பள்ளின்னு பேரு இருந்தாலும் காலனிப் பிள்ளைங்க மட்டுமே படிக்கிற பள்ளியா அது மாறிப் போச்சு. சாதி இதுல இல்லன்னு யாரும் சொல்லிட முடியாது, 2018-ல திருப்பூர் மாவட்டத்துல ஒரு பட்டியல் சாதி அம்மா சத்துணவு சமைக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூட வாசல்ல வந்து பிரச்சனை பண்ணுனாங்க, அந்த ஊர்லயும் அது ஒரு சாதாரண அரசுப் பள்ளிதான். யாரு பிள்ளையோட யாரு பிள்ளை உக்காரணும்ங்கிற எண்ணம் சேர்க்கையை எவ்வளவு மாத்துதுன்னு எமிஸ்ல (பள்ளிக் கல்வித் துறையோட மாணவர் விவரத் தளம்) இருக்குற சாதிவாரி எண்ணிக்கையை ஊர் மக்கள்தொகையோட வச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

அப்புறம் வீட்ல ஒரு பையன் ஒரு பொண்ணுன்னா, பையன் வேன்ல, பொண்ணு நடந்து ஊர்ப் பள்ளிக்கு. இதை நிறைய டீச்சருங்க வருத்தமா சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுங்கதான் பல சின்ன ஸ்கூலோட ரிசல்ட்டைத் தூக்கி நிறுத்துறவங்க, அதையும் சொல்லிடணும்.

திருவள்ளூர் பக்கம் வேற மாதிரி. செங்கல் சூளைக்கு ஒடிசால இருந்து, குறிப்பா பலாங்கிர் மாவட்டத்துல இருந்து குடும்பம் குடும்பமா வந்து சீசன் முழுக்கத் தங்கி மழைக்கு முன்னாடி திரும்பிப் போவாங்க. அந்தப் பிள்ளைக்கு வீட்ல ஒடியா, பள்ளில தமிழ், அரையாண்டு முடிஞ்சு வந்து சேந்து கோடை லீவுக்கு முன்னாடியோ பின்னாடியோ கிளம்பிடும். திருப்பூர்ல பீகார், ஜார்கண்ட் பிள்ளைங்க. இந்தப் பிள்ளைங்களைச் சேத்துக்குற ஸ்கூலுக்கு சராசரி கண்டிப்பா இறங்கும். சேத்துக்காத ஸ்கூலுக்கு இறங்காது. எந்த ஸ்கூல் நல்ல வேலை செஞ்சிருக்கு?

உயர்நிலைப் பள்ளில இன்னொரு வரத்து இருக்கு, இதைப் பத்தி வெளில யாரும் பேசுறதில்ல. எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸ். ஒன்பதாவதுல, இவன் பத்தாவதுல பாஸ் ஆக மாட்டான்னு தெரிஞ்சா சில தனியார் பள்ளிகள் பெத்தவங்களைக் கூப்பிட்டு, இங்க வச்சுக்க முடியாது, டி.சி. வாங்கிக்கோங்கன்னு சொல்லிடுவாங்க. அந்தப் பிள்ளை ஜூன் மாசம் எங்க வந்து நிக்கும்? அரசுப் பள்ளி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. அஞ்சு வருஷமா இங்கிலீஷ் மீடியத்துல எதுவும் புரியாம உக்காந்திருந்த பையனை பத்து மாசத்துல 35 எடுக்க வைக்கணும். அங்க 100%, இங்க 91.7%. ரெண்டு நம்பருக்கும் காரணம் ஒரே பிள்ளை.

படிப்புத் திறமையில ஸ்கூலுக்கு எவ்வளவு பங்கு, வீட்டுக்கு எவ்வளவு பங்குன்னு 1966-லயே அமெரிக்க அரசுக்காக ஜேம்ஸ் கோல்மன் தலைமையில 6 லட்சம் மாணவர்களுக்கு மேல வச்சு ஆராய்ஞ்சாங்க. ஸ்கூல் கட்டடம், செலவு, லேப் இதுல இருக்குற வித்தியாசத்தைவிட குடும்பப் பின்னணியும் கூடப் படிக்கிற பிள்ளைங்க யாருங்கிறதும்தான் மார்க்குல பெரிசா தெரியுதுன்னு வந்துச்சு. அப்ப ஸ்கூல் எதுவும் பண்ண முடியாதுன்னு சிலர் அதை எடுத்துக்கிட்டாங்க, அது தப்பு. டீச்சர் பண்ற வித்தியாசம் நிஜம், பின்னாடி வந்த ஆய்வுகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டிருக்கு. ஆனா ஒரே ஒரு வருஷத்துத் தேர்ச்சி சதவீதத்தைப் பாத்து ரெண்டு ஸ்கூலை ஒப்பிட்டா நீங்க பெரும்பாலும் ரெண்டு ஊரோட குடும்பங்களைத்தான் ஒப்பிடுறீங்க. ஒரு பிள்ளை எந்த இடத்துல இருந்து எந்த இடத்துக்கு வந்துச்சுன்னு பாத்தாதான் ஸ்கூலோட வேலை தெரியும்.

இங்க ஒரு சிக்கலும் இருக்கு. சரி, பிரிவு வாரியா பிரிச்சுப் பாப்போம்னு கிளம்புனா சின்ன ஸ்கூல்ல அது ஓடாது. 12 பேருல பட்டியல் சாதிப் பசங்க ரெண்டு பேருன்னா, அந்தப் பிரிவுல தேர்ச்சி 50%னு போர்டுல எழுதுனா அது எந்தப் பையன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அமெரிக்காவுல 2002-ல வந்த சட்டத்துல ஒவ்வொரு இன, மொழி, வறுமைப் பிரிவுக்கும் தனித்தனியா மார்க் காட்டணும்னு வச்சாங்க, அப்பவே ஒரு பிரிவுல குறைந்தபட்சம் இத்தனை பேரு இருந்தாதான் கணக்குல வரும்னு மாநிலங்கள் ஒரு எண்ணிக்கை வச்சுது. அதனால சின்ன ஸ்கூல்ல இருந்த அந்தப் பிரிவுப் பிள்ளைங்க கணக்குலயே வராம போனாங்க. அதனால வட்டார அளவுல சேத்துப் பாக்குறதுதான் சரி, ஸ்கூலுக்குள்ள பேரைச் சொல்லி ஒவ்வொரு பிள்ளையா பாக்கணும், சதவீதமா பாக்கக் கூடாது.

இப்ப வகுப்பறைக்குள்ள போவோம். சின்ன ஸ்கூல்னா டீச்சருக்கு வசதிதானே, 24 பிள்ளைக்கு ரெண்டு டீச்சர், தனியார்ல ஒரு கிளாஸ்ல 45 பேரு இருக்காங்களேன்னு நிறையப் பேரு கேக்குறாங்க. இந்தக் கேள்வியிலதான் பெரிய தப்பு நடக்குது. சட்டப்படி தொடக்கப் பள்ளில 60 பிள்ளைங்க வரைக்கும் 2 டீச்சர், 61-ல இருந்து 90 வரை 3 பேரு. 24 பேரு இருக்குற ஈராசிரியர் பள்ளில ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் அஞ்சு கிளாஸ் இருக்கு. ஒருத்தர் 1, 2, 3, இன்னொருத்தர் 4, 5. ஒரு டீச்சர் ஒரே நேரத்துல ஒண்ணாவதுக்கு அ ஆ சொல்லிக் கொடுத்துக்கிட்டு மூணாவதுக்கு வாய்ப்பாடும் பாக்கணும். தலைக்கு 12 பிள்ளைதான், ஆனா மூணு வகுப்பு, ஒவ்வொண்ணுக்கும் தமிழ் இங்கிலீஷ் கணக்குன்னு பாடம், அதுல பெரியவர் யாரோ அவரே ஹெச்.எம்., அவரே கிளர்க்.

சின்ன கிளாஸ் நல்லதுன்னு சொல்ற ஆதாரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க, டென்னசி மாநிலத்துல 1985-ல ஆரம்பிச்சு நாலு வருஷம் குலுக்கல் முறையில பிள்ளைங்களைப் பிரிச்சு ஒரு பரிசோதனை நடந்துச்சு, 13-ல இருந்து 17 பேரு இருந்த கிளாஸ் பிள்ளைங்க 22-ல இருந்து 25 பேரு இருந்த கிளாஸ் பிள்ளைங்களைவிட நல்லா படிச்சாங்க, ஏழைப் பிள்ளைங்களுக்கும் கறுப்பினப் பிள்ளைங்களுக்கும் பலன் இன்னும் அதிகம். ஆனா அங்க அந்த 15 பேரும் ஒரே வகுப்பு, அவங்களுக்குன்னு ஒரு டீச்சர். சின்ன கிளாஸும் சின்ன ஸ்கூலும் ஒண்ணு கிடையாது. நம்ம ஈராசிரியர் பள்ளில ஒரு பிள்ளைக்கு அதோட வகுப்புப் பாடம் நேரடியா கிடைக்கிற நேரம் ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு கணக்குப் பாத்தா, 45 பேரு கிளாஸைவிடக் கூடக் குறைவா இருக்கலாம்.

இதுக்கு ஒரு நல்ல வழியை தமிழ்நாடு ஒரு காலத்துல கண்டுபிடிச்சும் வச்சிருந்துச்சு. ஆந்திராவுல ரிஷிவேலி பக்கம் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்குன அட்டை முறையைப் பாத்து (பாடத்தைச் சின்னச் சின்ன அட்டையா பிரிச்சு, பிள்ளை ஒவ்வொண்ணா முடிச்சுக்கிட்டுப் போற முறை), 2003 வாக்குல சென்னை மாநகராட்சிப் பள்ளில செயல்வழிக் கற்றல்னு ஆரம்பிச்சு, 2007-08ல மாநிலம் முழுக்கக் கொண்டு வந்தாங்க. தரையில பாய், செவுத்துல பிள்ளை உயரத்துக்குக் கீழ் போர்டு, அட்டைகளை வரிசையா காட்டுற ஏணிப்படி படத்துல தன்னோட அட்டை எதுன்னு பிள்ளையே பாத்து எடுத்துக்கும், வயசு வித்தியாசமில்லாம கலந்து உக்காரும். ஒரு வாரம் வரலன்னாலும் விட்ட அட்டைல இருந்து தொடரலாம், செங்கல் சூளைப் பிள்ளைக்கும் காது குத்துக்குப் போன பிள்ளைக்கும் இதைவிட ஏத்த முறை கிடையாது. அதுல குறையும் இருந்துச்சு, அட்டையை முடிக்கிறதே படிப்புன்னு சில இடத்துல ஆகிப் போச்சு, எல்லா அளவுப் பள்ளிக்கும் ஒரே மாதிரி திணிச்சாங்க. என் எண்ணம் என்னன்னா, பெரிய பள்ளிக்கு அது தேவைப்படல, ஈராசிரியர் பள்ளிக்கு அது உயிர். இப்ப 2022-ல இருந்து அடிப்படை வாசிப்பு, கணக்குக்காக எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் நடக்குது, மொத மூணு வகுப்புல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் நாலு அஞ்சுக்கும் வந்துச்சு, பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நிலைவாரியா பிரிச்சு சொல்லிக் கொடுக்குறாங்க. பல வகுப்பு ஒண்ணா உக்கார்ற ஸ்கூலுக்கு இந்த நிலைவாரி யோசனை ரொம்பப் பொருந்துது. பயிற்சியும் ஆன்லைன் பதிவும்தான் டீச்சர் நேரத்தைத் தின்னுது. ரெண்டு பேருல ஒருத்தர் பயிற்சிக்குப் போயிட்டா, இல்ல தேர்தல் வேலைன்னு போயிட்டா, அன்னிக்கு அஞ்சு வகுப்பும் ஒருத்தர்கிட்ட. பெரிய ஸ்கூல்ல ஒருத்தர் லீவுன்னா யாருக்கும் தெரியாது, இங்க அது பாதி ஸ்கூல்.

உயர்நிலைப் பள்ளில இதே விஷயம் பாடவாரியா வரும். அஞ்சு பாடம், அஞ்சு பட்டதாரி ஆசிரியர். கணக்கு டீச்சர் மாறுதல்ல போயிட்டு அந்த இடம் காலியா கிடந்தா மாற்றுப்பணில வாரத்துக்கு ரெண்டு நாளு யாராவது வருவாங்க. 2022-ல அரசே பள்ளி மேலாண்மைக் குழு மூலமா 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கச் சொல்லுச்சு, மாசம் இடைநிலைக்கு 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. அந்தச் சம்பளத்துக்கு பஸ் ஏறி உள் கிராமத்துக்கு வந்து சொல்லிக் கொடுத்தவங்களை நான் கையெடுத்துக் கும்பிடுறேன், ஆனா அப்படி ஒரு வருஷம் ஓடுன ஸ்கூலோட கணக்குத் தேர்ச்சியை, அஞ்சு இடமும் நிரம்புன ஸ்கூலோட வச்சுப் பேச என்ன நியாயம் இருக்கு. ஒரு பாடத்துல டீச்சர் இல்லன்னா பெரிய ஸ்கூல்ல இன்னொரு செக்‌ஷன் டீச்சர் பாத்துக்குவாரு, சின்ன ஸ்கூல்ல அந்தப் பாடமே இல்ல.

எண்ணிக்கை குறைய குறைய டீச்சரும் போவாங்க. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைன்னு கணக்கெடுத்துத்தான் பணியிடம் நிர்ணயம். 62 பேரு இருந்தது 58 ஆச்சுன்னா மூணாவது டீச்சர் உபரி, பணிநிரவல்ல வேற ஸ்கூலுக்கு. மூணு டீச்சர் ரெண்டு ஆனதும் ஊர்ல இன்னும் நாலு குடும்பம் வேன் பாத்துக்கும். அடுத்த வருஷம் 50. இப்படியே போய் 2019-ல பிள்ளையே இல்லாம போன 46 அரசுப் பள்ளிகளை நூலகமா மாத்துறதா அறிவிப்பு வந்துச்சு. அங்க கடைசி வருஷம் இருந்த டீச்சருங்க மோசமா சொல்லிக் கொடுத்ததால பிள்ளைங்க போனாங்கன்னு நான் நம்பல.

இந்த இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிற விஷயங்களும் இருக்கு. சாப்பாடு அதுல முதல். 1956-ல காமராஜர் மதிய உணவை மாநிலத் திட்டமா ஆக்குனது, 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவா விரிவாக்குனது, 2022 செப்டம்பர் 15-ல மதுரைல காலை உணவு 1,545 பள்ளில ஆரம்பிச்சு அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. சின்ன ஸ்கூல்ல இது பெரிய பள்ளிய விட அதிகமா வேலை செய்யும்னு நான் நினைக்கிறேன், காரணம் அங்க இருக்குற பிள்ளைங்கதான் காலைல சாப்பிடாம வர்ற பிள்ளைங்க, அம்மா ஆறு மணிக்கே நூறுநாள் வேலைக்கோ களை எடுக்கவோ போயிடுவாங்க. வருகை கூடுனா படிப்பு தானா கொஞ்சம் ஏறும். பெரிய வகுப்புக்கு அரசுப் பள்ளில படிச்சா மருத்துவத்துல 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல வந்துச்சு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கும். 6-ல இருந்து 12 வரை அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்க காலேஜ் போனா மாசம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்துல, 2024-ல இருந்து பசங்களுக்கும் தமிழ்ப் புதல்வன். இதெல்லாம் ஆறாவதுல பிள்ளைங்களைத் திரும்பக் கொண்டு வருது, ஆனா தொடக்கப் பள்ளி எண்ணிக்கைக்கு இதுல பெரிய உதவி இல்ல, ஒண்ணாவதுல சேர்க்க இதுல காரணம் கிடையாது.

அப்போ சின்ன ஸ்கூலை எல்லாம் சேத்து ஒரு பெரிய ஸ்கூலா ஆக்கிடலாமேன்னு கேள்வி வரும். மத்தியப் பிரதேசத்துல அதைப் பெரிய அளவுல பண்ணிருக்காங்க, ஒரே வளாகத்துல தனித்தனியா இருந்த சுமார் 35,000 பள்ளிகளை 16,000 ஆக்குனாங்க. ஒரே காம்பவுண்டுல இருக்குறதைச் சேக்குறதுல தப்பில்ல, டீச்சர் ஒண்ணா கிடைப்பாங்க. ஆனா ஊர் விட்டு ஊர் சேக்குறது வேற. கல்வி உரிமைச் சட்டத்தோட விதிகளே தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு சொல்லுது, அதுக்குக் காரணம் இருக்கு. ஆறு வயசுப் பிள்ளை தனியா நடக்குற தூரம் அவ்வளவுதான். ஜவ்வாது மலையிலயோ கொல்லிமலையிலயோ ஒரு சின்ன பள்ளியை மூடுனா அந்த 15 பிள்ளைங்கள்ல எத்தனை பேரு அடுத்த ஊருக்குப் போவாங்க, அதுல பொண்ணுங்க எத்தனை பேரு? வேன் காசு கட்ட முடிஞ்சவங்க முன்னாடியே போயிட்டாங்கன்னு மேலயே சொன்னேன், மூடுனா பாதிக்கப்படுறது வேற வழியே இல்லாதவங்க. ரெண்டு பேருக்குக் கீழ டீச்சர் போகக் கூடாது, பக்கத்துப் பக்கத்து சின்ன ஸ்கூல்களுக்குச் சேத்து இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் ஒரு சுத்துவட்ட டீச்சர் வேணும், ஒவ்வொரு தொடக்கப் பள்ளி வளாகத்துலயும் எல்.கே.ஜி. இருக்கணும், நான் கேக்குறது இந்த மூணும்தான். மூணாவது நடந்தா மத்த ரெண்டும் தானா சுலபமாகும்.

உங்க ஊர் ஸ்கூலைப் பத்தி நிஜமா தெரிஞ்சுக்கணும்னா பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்குப் போங்க. அதுல முக்கால்வாசி பேரு பெத்தவங்கதான் இருக்கணும், மொத்தக் குழுவுல பாதி பெண்கள் இருக்கணும், அது சட்டம். அங்க தேர்ச்சி சதவீதம் என்னன்னு கேக்காதீங்க, வேற கேளுங்க. போன ஜூன்ல மூணாவதுல எத்தனை பேருக்கு ஒரு பத்தி வாசிக்க வந்துச்சு, இப்ப எத்தனை பேருக்கு வருது, வராத பிள்ளைங்க யாரு. வாரத்துல ரெண்டு நாளைக்கு மேல லீவு போடுறவங்க யாரு, ஏன். அஞ்சாவது முடிச்சவங்க எல்லாரும் ஆறாவதுல எங்கயாவது சேந்திருக்காங்களா, பேரு பேரா. ஒன்பதாவதுல டி.சி.யோட வந்தவங்க எத்தனை பேரு, அவங்களுக்குன்னு தனியா யாரு நேரம் ஒதுக்குறாங்க. பத்தாவது பாஸ் ஆனவங்கள்ல எத்தனை பேரு பதினொண்ணாவதோ ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ சேந்தாங்க, சேராத பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குதா. டீச்சர் எத்தனை நாளு வேற வேலைக்குப் போனாங்க. சின்ன ஸ்கூல்ல இந்தக் கேள்விக்கெல்லாம் ஹெச்.எம். ஃபைலைத் திறக்காமலே பதில் சொல்லிடுவாரு, அவருக்கு ஒவ்வொரு பிள்ளை வீடும் தெரியும், பெரிய ஸ்கூலுக்கு இந்த வசதி கிடையாது. காலிப் பணியிடம் இருந்தா குழுத் தீர்மானமாவே போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டத்துக்கும் அனுப்பலாம், ஆகஸ்ட் 1 கணக்கு எடுக்குறதுக்கு முன்னாடி ஜூன், ஜூலைக்குள்ள அனுப்புனா அந்த வருஷமே டீச்சர் வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு, சேர்க்கைக்கு வீடு வீடா போறதுக்கும் அதே ரெண்டு மாசம்தான்.